ஏழாம் கல்

எங்கள் ஊர் எல்லையில் ஒரு போர்டு நிற்கிறது. 'பாரம்பரியக் கிராமம், வருக வருக' என்று பச்சை எழுத்து. அதன் கீழே ஊரின் உயரம், குளிர், பழைய கல்பாதை, நின்று பார்க்க வேண்டிய பள்ளம் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்திலிருந்துதான் என் வீட்டுக்காரரைக் கயிறு கட்டித் தூக்கினார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அழகு கெட்டுவிடும் பாருங்கள்.

ஊர் என்று பெயர்தான், ஒரு கட்டிலை ஆடாமல் போடத் தட்டையான இடம் கிடையாது. மலைச்சரிவில் வீட்டுக்கு மேல் வீடாக ஏறிப் போகும். என் வாசற்படியும் கீழ்வீட்டுக் கூரையும் ஒரே மட்டம். அந்தக் கீழ்வீடு என் அண்ணனுடையது. அண்ணன் கொத்தனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சாப்பாடு என் வீட்டில்தான். அவன் இருமினால் என் அடுப்படியில் கேட்கும். நான் பாத்திரத்தைக் கீழே போட்டால், "என்னம்மா ஆச்சு?" என்று அவன் அங்கிருந்து கத்துவான். அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் அவன்தான்.

ஊருக்கு மேலே மலை குறுகி மாட்டு முதுகு போல நீண்டு போகும். முதுகு என்றே அதற்குப் பெயர். முதுகின் கடைசியில் ஊற்று, ஊற்றை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு அடியில் இரும்பு வால்வு. சாயங்காலம் ஒருவர் போய் அதை மூட வேண்டும், விடியும் முன் போய்த் திறக்க வேண்டும். திறந்தால்தான் ஊரில் குழாய் பேசும். அந்த வேலை என் வீட்டுக்காரருடையது.

முதுகின் மேல் ஒன்பது கல் நட்டிருக்கிறது. இடுப்பளவு உயரம். யார் நட்டது என்று போர்டில் ஒரு கதை இருக்கிறது, அது போர்டு எழுதியவரின் சொந்தச் சரக்கு. கல்லின் வேலை மட்டும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். மேகம் இறங்கி ஊரையே மூடிவிடும் நாட்கள் உண்டு. நாங்கள் அதை மூட்டம் என்போம். மூட்டத்தில் டார்ச் அடித்தால் வெளிச்சம் முகத்துக்கு நேரே சுண்ணாம்புச் சுவராக நிற்கும், சொந்தக் கால் தெரியாது. அப்போது கல்லைத் தடவித்தான் போக வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவு குழி வெட்டியிருக்கும். குழி இருக்கும் பக்கம் பள்ளம். நாம் கல்லுக்கு மறுபக்கம் நடக்க வேண்டும். மேலே ஏறும்போது முதல் ஆறு கல்லுக்கும் பள்ளம் இடப்பக்கம். ஏழாம் கல்லில் மலை திரும்புகிறது. அங்கிருந்து பள்ளம் வலப்பக்கம், ஆகவே குழியும் வலப்பக்கம் மாறும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சரளைச் சத்தம் வழி சொல்லும், ஆறாம் கல்லிலிருந்து ஏழாம் கல் வரை மட்டும் வெறும் பாறை. 'மூட்டத்துல காலை நம்பாதே, கல்லை நம்பு' என்று நடை பழகும் குழந்தைக்கே சொல்லிக் கொடுப்போம். வெயில் நாளில் அந்தக் கல்லை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கண் தெரியும்போது கையை யார் கேட்கிறார்கள்?

என் வீட்டுக்காரரைத் தண்ணிக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயர் அவருக்கு இரண்டு விதத்திலும் பொருந்தியது. அதனாலேயே சிரித்துக்கொண்டு கூப்பிடுவார்கள். ஒருநாள் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு இறங்கிவிட்டேன். என்ன பெரிய தூரம், பத்துப் படி. அதற்கே மனுஷர் ஆடிப்போய்விட்டார். குடிப்பதை அன்றோடு விட்டார். அதிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்டிவிட்டுத்தான் போவார். முதலில் நான் கேட்டு ஊதினார், அப்புறம் கேட்காமலே ஊதினார். "போதும் போதும், பல்லு வெளக்காத நாத்தந்தான் வருது" என்று தள்ளிவிடுவேன். வருஷக்கணக்காக எங்கள் காலை அப்படித்தான் விடிந்தது.

இந்த வருஷம் ஊர்த் தலைவருக்குப் பாரம்பரியப் பைத்தியம் பிடித்தது. சும்மா கிடக்கும் இடத்திலெல்லாம் ஒரு போர்டை நட்டுவிடுவதால் அவருக்குப் போர்டுக்காரர் என்று பெயர். நகரத்திலிருந்து ஒரு குழு வந்து ஊரைப் பார்க்கப் போகிறது, பார்த்துப் பிடித்துப்போனால் ஊருக்கு நல்ல காலம் என்றார். கல்லெல்லாம் கிழவன் பல் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பது அவர் கண்ணை உறுத்தியது. அண்ணனைக் கூப்பிட்டு, சாய்ந்திருந்த முதல் ஏழு கல்லையும் பெயர்த்து நிமிர்த்தி நடச் சொன்னார். கடைசி இரண்டும் நேராகவே இருந்தன. அண்ணன் கயிறு கட்டி, தூக்குக்குண்டு விட்டு, ஜல்லியும் மண்ணும் போட்டு இடித்து, எல்லாவற்றையும் ஒரே நேராக்கிவிட்டு வந்தான். பிறகு கீழ் ஊர்ப் பெயிண்டர் ஒருவர் வந்து, ஒவ்வொரு கல்லிலும் பாதையைப் பார்த்த பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சில வாரம் கழித்து முதல் மூட்டம் இறங்கியது. அன்று காலையும் அவர் டீயைக் குடித்தார், கோட்டைப் போட்டார், ஊதிக் காட்டினார். நான் வழக்கம்போலத் தள்ளிவிட்டேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. வரிசையில் குடத்தை வைத்தவர்கள் முதலில் திட்டினார்கள். "தண்ணிக்காரருக்கு இன்னும் விடியலையா?" என்று ஒருத்தி என் காது படவே கேட்டாள். வெளிச்சம் வந்தும் அவர் வராததால் ஆட்கள் ஏறினார்கள். ஏழாம் கல்லுக்கு வலப்பக்கம், நேர் கீழே பள்ளத்தில் கிடந்தார். அவர் முகத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அடக்கம் முடிந்து மண் காய்வதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. போர்டுக்காரர் என் வாசலில் நின்று வருத்தப்பட்டார்.

"பழகின ஆளும்மா. தினம் போற பாதை. புத்தி தெளிவா இருக்கிறவன் அங்க எப்படி விழுவான்? செத்தவனைப் பேசக் கூடாது, நான் பேசல. ஆனா நாலு பேர் அப்படித்தான் சொல்றாங்க."

"ஊதிக் காட்டிட்டுத்தான் போனாரு" என்றேன்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க. வழியில எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பான், பாவம்."

விடிவதற்கு முன்னாலேயே செத்தவரைப் பற்றி அந்தப் பழமொழி. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த சொம்பை அவர் மேல் எறிந்திருப்பேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? யாரைப் பார்த்தாலும் ஒன்றையே சொன்னேன்: அவர் குடிக்கவில்லை. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்கிற தலையாட்டல். எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. பிள்ளை இல்லை, நிலம் இல்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பது ஒன்றுதான் என் சொத்து. அதையும் பிடுங்கப் பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாளே வால்வு வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். "நீ வீட்ல இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். முதல் நாள் போய்விட்டுத் திரும்பியபோது முழங்கை வரை சேறு, ஒரு விரல் நகம் பெயர்ந்து ரத்தம். உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணா?"

"வழுக்கிடுச்சும்மா."

வெந்நீர் வைத்து அந்தக் கையை நானே கழுவினேன். பழைய துணி கிழித்து விரலைச் சுற்றினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் துக்கத்தைப் பார்க்கத் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நல்ல புத்தி எனக்கு.

மறுநாள் நான் ஒரே பிடியாக நின்றேன். "நான் அந்தக் கல்லைத் தொட்டுப் பாக்கணும். அவரை அது ஏன் ஏமாத்துச்சுன்னு எனக்குத் தெரியணும்." வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். உடனே "சரி வா" என்றான்.

இருட்டும் மூட்டமும் சேர்ந்த காலை. அண்ணன் முன்னால் போனான், அவன் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு கல்லாகத் தடவினேன். ஈரம், பாசி, இடப்பக்கம் குழி. ஆறாம் கல்லிலும் இடப்பக்கம். சரளைச் சத்தம் நின்றது, காலடியில் பாறை. அண்ணன் என் கையை எடுத்து ஏழாம் கல்லில் வைத்தான். மேலே, கீழே, சுற்றிலும் தடவினேன். வலப்பக்கம், இருக்க வேண்டிய இடத்தில், குழி. கட்டைவிரல் அழகாக உள்ளே போனது.

கல் சரியாக இருந்தது. கல் சரியென்றால் மனுஷர்தான் தப்பு.

"விடும்மா" என்று மூட்டத்துக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஆனைக்கும் அடி சறுக்கும். நல்ல மனுஷன்தான். என்னமோ அன்னிக்கு ஒரு நாள்."

வீட்டுக்கு வந்து ஆணியில் தொங்கிய அவருடைய இன்னொரு கோட்டை எடுத்துத் தரையில் அடித்தேன். "ஊதினியே! என் மூஞ்சியில ஊதிட்டுப் போய்க் குடிச்சியா? குடிகாரப் பாவி!" என்று கத்தினேன். ஊருக்கே கேட்டிருக்கும். அதுவரை ஊர் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அன்று நானும் சொன்னேன். அடுத்து வந்த நாட்களில் சோறு போடும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போட்டேன். அண்ணன் தட்டைப் பார்த்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டான். ஒருநாளாவது சோறு தொண்டையில் சிக்கியிருக்குமா? எனக்குத் தெரியாது.

பிறகு வால்வு வேலையை நானே கேட்டு வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து ஆணியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல். போர்டுக்காரர், "பாவம், பொழைச்சுப் போகட்டும்" என்று பெரிய மனது பண்ணினார்.

நான் ஏற ஆரம்பித்த சில நாளில் மூட்டம் கலைந்தது. வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பி வரும்போது வெயில் வந்துவிட்டது. அத்தனை நாள் கையால் மட்டும் பார்த்த பாதையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்பது. எட்டு. பெயிண்டர் கையெழுத்து கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. அடுத்த கல்லில் ஒன்றுமே இல்லை. மொட்டையாக நின்றது. அதற்கு அப்பால் ஆறு தெரிந்தது, ஐந்து தெரிந்தது. இதற்கு மட்டும் ஏன் நம்பர் போடவில்லை? பெயிண்ட் தீர்ந்துபோயிற்றா? கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் மறுபக்கம் நீட்டி எட்டிப் பார்த்தேன்.

ஏழு என்று எழுதியிருந்தது. குழிக்கு நேர் மேலே, கொட்டை எழுத்தில், பள்ளத்தைப் பார்த்து.

அந்த நம்பரை நேராக நின்று படிக்க வேண்டுமென்றால் அந்தரத்தில் நிற்க வேண்டும். எந்தப் பெயிண்டர் அந்தரத்தில் நின்று எழுதுவான்? எழுதும்போது அந்தப் பக்கம் பாதையைப் பார்த்து இருந்திருக்கிறது. குழியும் அதே பக்கம். அதாவது கல் திரும்பி நட்டிருந்தது. பிறகு யாரோ சரியாகத் திருப்பியிருக்கிறார்கள். அடியில் பார்த்தேன், மண் புதிது, ஜல்லி அள்ளிப் போட்டபடி கிடந்தது. இருட்டில், மூட்டத்தில், கையால் தடவித் தடவி வேலை செய்த ஆள். குழியைக் கையால் பார்த்துச் சரிசெய்துவிட்டான், பெயிண்ட் கைக்குத் தெரியாதே. பெயர்ந்த நகமும் முழங்கைச் சேறும் என் கண்முன் வந்தன. நான் வெந்நீரில் கழுவிய கை.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேனோ, எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. கீழே போய், "அண்ணா, வால்வு இறுகிப்போச்சு, கடப்பாரையை எடுத்துட்டு வா" என்றேன். பொய்தான். வந்தான். ஏழாம் கல்லருகே நான் நின்றுவிட்டேன்.

"இதுல என்ன நம்பர் போட்டிருக்கு? படி."

"ஏழு" என்றான், பார்க்காமலே. பிறகு பார்த்தான்.

"எங்க இருக்கு ஏழு? காட்டு."

அவன் மொட்டைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். கையிலிருந்த கடப்பாரை மெல்லச் சாய்ந்து பாறையில் விழுந்தது.

"தங்கச்சி, நான் வேணும்னு செய்யல. தலைவர் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தாரு. வெயில் நாள், பேசிக்கிட்டே நட்டேன். ஏழும் ஒரே கை ஓட்டத்துல போயிடுச்சு. இது மாறணும்னு அந்த நேரத்துல தோணவே இல்ல. வால்வு தொறக்க வந்தேன்ல, அன்னிக்குத்தான் தெரிஞ்சது. தடவினேன், குழி இடப்பக்கம். அப்ப இது இன்னும் ஆறுதான், எண்ணிக்கை தப்பிடுச்சுன்னு நெனச்சு வலப்பக்கம் கால எடுத்து வச்சேன். காலடியில ஒண்ணுமே இல்ல. எப்படியோ கல்லைப் பிடிச்சுட்டேன்."

அப்படித்தான் அவரும் நினைத்திருப்பார். இன்னும் ஆறு, இன்னும் வலப்பக்கம்தான் வழி என்று. பிடிப்பதற்கு அவருக்கு மட்டும் கல் எட்டவில்லை. அவர் காலை நம்பவில்லை. சொல்லிக் கொடுத்தபடி கல்லை நம்பினார்.

"நீ தப்பா நட்டது வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும்" என்றேன். "சரியாத் திருப்பி நட்டியே, அது வேணும்னு செஞ்சதுதானே? திருப்பி நட்டுட்டு என் கையைப் பிடிச்சு அதுமேல வச்சியே? நான் அவரைத் திட்டத் திட்டச் சோறு தின்னியே?"

அவன் கல்லடியிலேயே உட்கார்ந்து அழுதான். சின்ன வயதில் அவன் அழுதால் நானும் அழுவேன். அன்று எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. "ஊர்க்கூடத்துல சொல்லு" என்றேன்.

மறுநாள் மாலை ஊர்க்கூடத்தில் சொன்னான். எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். போர்டுக்காரர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. போனவன் வரப் போறதில்ல. அடுத்த வாரம் குழு வருது. இந்த விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

பின்வரிசையில் யாரோ, "கல்லு தப்பா இருந்தது சரி. அன்னிக்கு அவன் குடிக்கவும் செஞ்சிருக்கலாம்ல?" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. ஒருமுறை மென்று பழகிய வாய், லேசில் துப்பாது.

நான் எழுந்தேன். வால்வைத் திருப்பும் சக்கரத்தைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினேன்.

"நாளைக்குத் தண்ணி வராது. எந்த வாயெல்லாம் அவரைக் குடிகாரன்னு சொன்னுச்சோ, அந்த வாயெல்லாம் ஏழாம் கல்லுக்கு வரணும். குழியில விரலை வச்சு, 'அவன் குடிக்கல'ன்னு சொல்லணும். கடைசி ஆள் சொன்ன பிறகு திறப்பேன்."

"இது அநியாயம்மா" என்றார் போர்டுக்காரர்.

"ஆமாங்க" என்றேன். "எழுதி ஒரு போர்டு வையுங்க."

மறுநாள் காலையில் மூட்டம் மறுபடி இறங்கியிருந்தது. கல்லருகே சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் யாரும் வரவில்லை. ஊரில் குடம் உருளும் சத்தம், குழந்தை அழும் சத்தம், என்னைத் திட்டும் சத்தம் எல்லாம் கீழேயிருந்து கேட்டது. பிறகு சரளை சரசரத்தது. ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆள் தெரியவில்லை. வெள்ளையிலிருந்து ஒரு கை மட்டும் வரும், கல்லைத் தடவும், குழியைத் தேடும். "அவன் குடிக்கல." கை போகும். அடுத்த கை வரும். சில குரல் நடுங்கியது, சில குரல் சீக்கிரம் முடித்துக்கொண்டு போனது. போர்டுக்காரர் கை மோதிரத்தால் தெரிந்தது. தாகத்துக்குச் சொன்ன வார்த்தைதான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகத் துணி சுற்றிய விரல் ஒன்று வந்தது. குழிக்குள் போய் அங்கேயே இருந்தது. "மாப்பிள்ளை குடிக்கல" என்றான் அண்ணன். அவனை நான் மன்னிக்கவில்லை. இன்றுவரை இல்லை.

"எல்லாரும் சொல்லியாச்சு. திறம்மா" என்று மூட்டத்துக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள்.

"இல்ல" என்றேன். "இன்னும் ஒரு ஆள் பாக்கி."

எழுந்து கல்லிடம் போனேன். ஈரக் குழிக்குள் என் கட்டைவிரலை வைத்தேன். அவர் கோட்டைத் தரையில் அடித்த கை அது. நான் சொன்னேன். ஊதிக் காட்டியபோது அவர் நின்ற தூரத்தில் நின்று, அவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

பிறகு மேலே போய் வால்வைத் திறந்தேன்.